யார் அந்த நாதா?

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. கல்யாணமாகிக் கல்பாக்கம் குடியிருப்புக்கு வந்த புதிதில், கேஸ் சிலிண்டர் பதியப் போன இடத்தில் கவுண்டர்காரர், "யார் பேர்லம்மா கீது?" என்று கேட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டம்மா எனக்காக அவர் பெயரை இனிஷியலோடு சத்தமாகச் சொன்னார். கவுண்டர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப சிலிண்டர் யார் வூட்டுக்கு?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

இதை எழுதும்போதும் சொல்லப்போவதில்லை. அவர் பெயர் மட்டும் விடுபட்டால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பதால், இதில் யார் பெயரையும் எழுதாமல் விடுகிறேன்.

பக்கத்து வீட்டம்மாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். பேங்க் வேலை. கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், கோபம் வந்தால் கூடவே ஒரு 'டா' சேரும். எனக்குச் சாத்தூர் தாண்டி ஒரு கிராமம். எங்கள் பக்கம் 'ஏங்க' தான். மாடிக்கு மாடி இப்படி மாறும். ஒரு வீட்டில் 'ஏனுங்க', ஒரு வீட்டில் 'அத்தான்', இன்னொரு வீட்டில் பிள்ளை பெயரோடு 'அப்பா'வைச் சேர்த்து. சாயங்காலம் ஷிப்ட் பஸ் வந்து நின்றதும் பால்கனிகளிலிருந்து விழுகிற கூப்பாட்டைக் கேட்டே, இவள் இன்ன மாவட்டத்துக்காரி என்று சொல்லிவிடுவேன். எனக்கு இது ஒரு பைத்தியம். மற்றவர்கள் சேலை பார்ப்பார்கள், நகை பார்ப்பார்கள். நான் பேச்சைப் பார்ப்பேன்.

படித்தது பத்தாம் வகுப்பு. அப்புறம் படித்ததெல்லாம் குடியிருப்பு நூலகத்தில், வீட்டுக்காரர் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போன நேரங்களில். சரித்திரக் கதைகளாகப் படித்துத் தள்ளினேன். படித்து முடித்தவள் ஒரு நாள் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனேன். குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரம். உள்ளே ஒல்லாந்தர்களின் கல்லறைகள். அதாவது டச்சுக்காரர்கள்; அந்தக் காலத்துத் தமிழில் ஒல்லாந்தர். ஒவ்வொரு கல்லிலும் கப்பல் செதுக்கியிருக்கும், பெயர், பட்டம், பிறந்தது, செத்தது எல்லாம் பூவேலைப்பாட்டோடு வெட்டியிருக்கும். அந்தக் கப்பல்களுக்குத் துணிப்பொதி போனது எப்படி? துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டிப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அந்தப் படகைத் தள்ளியவர்கள் இந்தக் கரையோர மீனவக் குப்பத்துக்காரர்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. சரி, நான் எழுதுகிறேன் என்று அங்கேயே ஒரு கல்லறை ஓரமாக உட்கார்ந்து முடிவு செய்தேன். அடக்கம் பண்ணியிருந்தவர் ஆட்சேபிக்கவில்லை.

கதைக்கு ஒரு படகுக்காரன் கிடைத்தான், அவன் பெண்டாட்டி கிடைத்தாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் என்ன பேசுவாள் என்று தெரியவில்லை. நான் படித்த சரித்திரக் கதைகளில் பெண்கள் எல்லாம் 'நாதா', 'சுவாமி', 'தங்கள் சித்தம்' என்றுதான் பேசுவார்கள். அரண்மனையில் அப்படிப் பேசியிருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் போனதில்லை. உப்புத் தண்ணீரில் நிற்கிறவள் அப்படிப் பேச மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை 'யக்கா' என்பார். நான் அவரை 'அக்கா' என்பேன். யாருக்கு யார் அக்கா என்று நாங்கள் கணக்குப் பார்த்ததே இல்லை. பின்பக்கக் கதவருகே உட்கார்ந்து மீனை ஆய்ந்துகொண்டே அவர் பேசுகிற பேச்சுக்காகவே வேண்டாத நாளிலும் மீன் வாங்கியிருக்கிறேன். அவர் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது 'எங்காளு' என்பார், இல்லாவிட்டால் வெறும் 'அது'. "அது எழுந்துக்கவே இல்ல யக்கா இன்னிக்கி. பேஜாரு."

ஒரு நாள் காலை அவரோடு கரைக்குப் போனேன். பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாக, முதுகைக் காட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து. அலைச் சத்தம், இழுக்கிறவர்கள் போடுகிற சத்தம், காக்காய், நாய். இவர் இடுப்பில் கூடையோடு நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தார்:

"யோவ்!"

அத்தனை முதுகில் ஒரு முதுகுதான் திரும்பியது. இவர் தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினார், அந்த ஆள் தலையை ஆட்டினார், மறுபடி கயிற்றுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். நான் அசந்துபோய் நின்றேன்.

"அக்கா, அது எப்படி அவர் மட்டும் திரும்புனாரு? எல்லாருமே யோவ் தானே?"

"பின்ன? ஊரான் வூட்டு ஆளு எதுக்குத் திரும்பணும்?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டா இன்னும் சுளுவா இருக்குமே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சொல்றியா, உங்காளு பேர?"

வலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆனால் என் நாவலுக்குக் கடைசி அத்தியாயம் அந்தக் கரையில்தான் கிடைத்தது. கப்பலுக்குப் பொதி ஏற்றப் போன படகுகள் புயலில் சிதறிப் போகின்றன. பல மாதம் கழித்து, தப்பிப் பிழைத்த ஆண்கள் வேறொரு கரையில் ஒன்றாக இறக்கிவிடப்படுகிறார்கள். தாடியும் மீசையுமாக, வெயிலில் கறுத்து, எல்லோரும் ஒரே மாதிரி. இவள் தேடி வருகிறாள். முகம் தெரியவில்லை. பெயரைச் சொல்லக் கூடாது. அவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள், செத்துப் பிழைத்து வந்தவனை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்? "யோவ்" என்கிறாள். ஒருவன் திரும்புகிறான். நாவல் முடிந்தது. முந்நூறு பக்கமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுதினேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மெட்ராஸ் சென்னையாக ஆகிக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் போர்டு ஒரு பெயர் சொல்லும், கண்டக்டர் ஒரு பெயர் சொல்வார், சீட்டு வாங்குகிறவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். பக்கத்து ஊர் சங்கதியும் அதேதான். போர்டில் மாமல்லபுரம், டூரிஸ்ட் வேனில் மகாபலிபுரம், மீன் அக்கா வாயில் மாபலிவரம். எல்லோரும் சரியான இடத்தில்தான் இறங்கினார்கள்.

சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை என் நாவலைத் தொடராகப் போட ஒப்புக்கொண்டது. ஆசிரியர் நேரில் வரச் சொன்னார். நானும் வீட்டுக்காரரும் போனோம். ஆசிரியர் மரியாதையான மனிதர். காபி வரவழைத்தார். சரித்திரத்தில் ஊறியவர், கல்வெட்டெல்லாம் கரைத்துக் குடித்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரோடு சண்டை போட்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் கதாநாயகியின் பெயரை மாற்றச் சொன்னார். நான் வைத்திருந்தது குப்பையை வைத்து வருகிற பெயர். பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, அந்தப் பெயரையே வைப்பார்கள். எமனுக்கே வேண்டாம் என்று தோன்ற வேண்டுமாம். எவ்வளவு ஆசையாக வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பெயர்! ஆசிரியர் சொன்னார், "அது இப்பொழுது வாசகருக்குப் புரியாதும்மா. அட்டைப்படம் போட வேண்டாமா? ஓவியருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கை வராது." நிலாவை வைத்து ஒரு பெயர் அவரே வைத்தார். சரி என்றேன். அடுத்து, நான் மாவலிவரம் என்று எழுதிய இடமெல்லாம் மாமல்லபுரம் ஆக்கினார். "என் கதை நடக்கிற காலத்துல ஜனங்க வாயில அப்படித்தான் சார் இருந்திருக்கும்," என்றேன். "ஜனங்கள் வாயில் ஆயிரம் இருக்கும், அச்சில் ஒன்றுதான் இருக்க முடியும்," என்றார். அதற்கும் சரி என்றேன். பேரம் பேசத் தெரிந்தவள் நான். சின்ன மீனை விட்டுக்கொடுத்தால்தான் பெரிய மீனைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். 'யோவ்' பற்றி அவரும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல் வருகிற இடம்வரை அவர் படித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

தொடர் வர ஆரம்பித்தது. அத்தியாயங்களை நாலைந்தாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். குடியிருப்பில் ஒரே பெருமை. பத்திரிகை வந்த அன்று மீன் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கை முழுக்கச் செதில். அதனால் நான் படிப்பேன், அவர் ஆய்வார். ஆமோதிக்கிற இடத்தில் கத்தி வேகமாகப் போகும், பிடிக்காத இடத்தில் நின்றுவிடும்.

ஏழெட்டு வாரம் கழித்து, படகுக்காரன் வீட்டை விட்டுக் கிளம்புகிற அத்தியாயம். நாவலில் முதல் முறையாக அவள் அவனைக் கூப்பிடுகிற இடம். நானும் குரலை ஏற்றிப் படித்துக்கொண்டு போகிறேன். அச்சில் இருந்தது: "நாதா! என்னைத் தனியே விடுத்துச் செல்கிறீர்களா?"

நான் எழுதி அனுப்பியது 'யோவ்'. கத்தி நின்றது.

"யாரு அது?" என்றார் அக்கா.

"எது?"

"நாதா."

"அவ புருசன்க்கா."

"அது தெரியுது. அவன் பேரு வேற இன்னாவோ சொன்னியே போன வாரம். இப்ப 'நாதா'ன்றே?"

"இல்லக்கா, அது பேரு இல்ல..."

அவர் கேட்கிற நிலையில் இல்லை. கையிலிருந்த சங்கரா மீனைத் தட்டில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "அடிப் பாவி மவளே! அந்தக் காலத்துலயே புருசனப் பேரு சொல்லிக் கூப்டுகினு இருந்திருக்கா பாரேன்! அதுவும் வாசல்ல நின்னுகினு! உங்க பக்கத்து வூட்டு பேங்க் அம்மாவுக்கு இவதான் போல கீது முப்பாட்டி!"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். என் கதாநாயகியின் முழுக் கதையும் அவள் பெயர் சொல்லாததில்தான் நிற்கிறது. அவளைப் பெயர் சொல்கிறவளாக ஆக்கிவிட்டது அந்த ஒரு மரியாதைச் சொல். எந்தக் கரையைப் பற்றி எழுதினேனோ அந்தக் கரையில் அது மரியாதையாகவே கேட்கவில்லை. யாரோ ஒரு ஆம்பளையின் பெயராகக் கேட்கிறது.

அன்றைக்கே எஸ்டிடி பூத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் வெளியில் நின்றார். மீட்டர் ஓடுகிறது, நான் பேசுகிறேன்.

"சார், 'யோவ்'னு எழுதினதை 'நாதா'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. உங்களைக் கேட்டிருக்கலாம், அவசரம். ஆனால் நீங்களே யோசியுங்கள். ஒரு குடும்பப் பெண் கணவனை 'யோவ்' என்பாளா? வாசகர் கடிதம் குவிந்துவிடும்."

"எங்க மீன்காரக்கா குடும்பப் பெண்தான் சார். மூணு பிள்ளை."

"அது இன்றைக்கு. அந்த நூற்றாண்டில் 'யோவ்' என்ற சொல் வழக்கில் இருந்ததற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?"

நல்ல கேள்வி. என்னிடம் ஆதாரம் இல்லை. இன்றைக்கும் இல்லை. அப்புறம் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். கல்லில் வெட்டினவர்கள் தானம் கொடுத்ததை வெட்டினார்கள், எல்லையை வெட்டினார்கள், செத்ததை வெட்டினார்கள். பெண்டாட்டி புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டதை யாரும் வெட்டவில்லை.

"ஆதாரம் இல்ல சார்," என்றேன். "குப்பத்துப் பொண்ணு 'நாதா'ன்னு கூப்பிட்டதுக்கு உங்ககிட்ட இருக்கா?"



"அது மரபும்மா. சரித்திரக் கதைக்கென்று ஒரு மொழி இருக்கிறது. வாசகர் ஓர் உயரத்தை எதிர்பார்க்கிறார்."

"அவ கடற்கரையில நிக்கிறா சார். அங்க உயரமே கிடையாது."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்ததும் அதனால்தான். கடைசி அத்தியாயமே 'யோவ்'வில்தான் முடிகிறது என்று சொன்னேன். உடனே அவர், நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் வேண்டுமானால் 'ஏனுங்க' என்று போட்டுக்கொள்ளலாம், கடைசி அத்தியாயத்தில் மட்டும் 'நாதா' இருந்தே ஆக வேண்டும், உச்சக்கட்டத்தில் 'யோவ்' வந்தால் எல்லாம் கெட்டுப் போகும் என்றார். இல்லாவிட்டால் அவரால் போட முடியாதாம்.

"அப்ப போடாதீங்க சார்."

"அவசரப்படாதீர்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு..."

"கலந்தாச்சு. கடைசி அத்தியாயம் என்கிட்டதான் இருக்கு. அது வராது."

வீட்டுக்காரரோடு கலந்து பேசவே இல்லை. பூத்துக் கண்ணாடிக்கு வெளியே அவர் 'என்ன?' என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் சொன்னேன். 

"ஒரு வார்த்தைதானம்மா. அதுக்காகவா?"

"உங்களை நான் ஒரே வார்த்தையிலதான் கூப்பிடுறேன், இத்தனை வருஷமா. அதை இன்னொருத்தர் மாத்தி வச்சா நீங்க திரும்புவீங்களா?"

 அதற்கப்புறம் அவர் 'அதுக்காகவா' என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தவிர்க்க முடியாத காரணங்களால் தொடர் நிறுத்தப்படுகிறது என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. குடியிருப்பில் எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். பேங்க் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, திமிருதான். இதைக் குடிச்சு அதை நல்லா வளருங்க," என்றார். வளர்த்தேன்.

நாலைந்து வருஷம் அது பீரோவில் கிடந்தது. இரண்டு பதிப்பகங்கள் பார்த்தன. ஒருவர் 'யோவ்' வேண்டாம் என்றார். இன்னொருவர் 'யோவ்' பிரமாதம், ஆனால் முழுக் கதையிலும் எல்லோரும் 'யோவ்' 'இன்னா' என்றே பேசட்டும், அதுதான் இப்போது எடுபடும் என்றார். அவருக்கும் மாட்டேன் என்றேன். என் கதையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி துபாஷி மாதிரிதான் பேசுவான், ஒல்லாந்தர் எழுதுகிற ஓலை ஓலை மாதிரிதான் இருக்கும். அவரவர் வாய் அவரவருக்கு.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், பில் புக் அடிக்கிற இடம். நாவல் அச்சடித்ததே கிடையாது. அச்சகக்காரர் பான்பராக்கை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார், "மேடம், இன்னா கண்டிஷன்?"

"நான் எழுதினதுல ஒரு எழுத்து மாறக் கூடாது."

"அட, இதானா? கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கை மேடம் இது. தப்பா எழுதிக் குடுத்தாலும் தப்பாவே அடிப்போம். பேர்ல ஒரு கால் வாங்குறத மாத்தினா போதும், பொண்ணு வூட்டுக்காரன் பந்தல்லியே வுட்டு உதைப்பான்."

நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் பெயர்களுக்கு இல்லாத மரியாதை அந்தப் பேச்சில் இருந்தது. உடனே வீட்டுக்குப் போய், தொடருக்காக விட்டுக்கொடுத்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டேன். நிலாவைத் துரத்திவிட்டுக் குப்பையைக் கொண்டு வந்தேன். மாவலிவரம் மாவலிவரமாக ஆனது. 'நாதா'வுக்கும் ஒரே ஒரு இடம் கொடுத்தேன். ஊருக்கு வருகிற கூத்தில் ராணி வேஷக்காரன் அப்படிக் கூப்பிடுவான், கூட்டத்தில் ஒருத்தி 'யாரு அந்த நாதா?' என்று கேட்பாள். புதிதாகச் சேர்த்தது அது ஒன்றுதான்.

புத்தகம் தயார் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் வீட்டுக்காரரும் போய் வாங்கினோம். அவர் இரண்டு கட்டுகளைச் சணலில் கோத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டம். "மதுராந்தகம் மதுராந்தகம்," "கல்பாக்கம் சதுரங்கப்பட்டினம் ஏறு ஏறு" என்று இரண்டு கண்டக்டர்களும் ஒரே மூச்சில் கத்துகிறார்கள். நான் ஒரு வாழைப்பழம் வாங்க நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், இந்த மனுஷன் என் நாவலோடு மதுராந்தகம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறார். பஸ் ஸ்டார்ட் ஆகி உறுமுகிறது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

பஸ் ஸ்டாண்டில் இருந்த புருஷன்மார்கள் எல்லாம் திரும்பினார்கள். டிபன் தின்றவர், சூட்கேஸ் தூக்கியவர், பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறவர்கூடத் திரும்பினார். எனக்குச் சொந்தமானவர் மட்டும் படியில் இரண்டாவது காலையும் வைத்துவிட்டார்.

"யோவ்!"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கல்யாணமானதிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் திரும்பினார். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியிலிருந்து இறங்கினார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் மட்டும் திரும்பவில்லை. ஒரு டீக்காரரும் திரும்பினார். மதுராந்தகம் கண்டக்டர், "இன்னாம்மா, யாரு யோவ்வு?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இதை வைத்துக்கொண்டு, பார்த்தாயா, உன் கடைசி அத்தியாயம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாராவது எழுதிப் போடலாம். போடட்டும். நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கூப்பிட்டேன். என் கதாநாயகிக்கு ஆயுசு முழுக்கப் பழக்கம். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்.

அவர் என்னருகே வந்து கட்டுகளைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமா வெட்கமா என்று பிடிபடவில்லை.

"என்னையா கூப்பிட்ட?"

"பின்ன, ஊரான் வீட்டு ஆளையா?"